நான் வாசிக்காமல் விட்ட நாலு வரி

எங்கள் வீட்டில் எந்த நோய் வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான்: சூடு. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு. எங்கள் ஆத்தாவுக்குக் கோபம் வந்தால் அதுவும் சூடு. வைத்தியமும் ஒன்றுதான். வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலக்கிக் குடி, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகு, இளநீரை வெட்டிக் குடி. அதற்கும் கேட்காவிட்டால் கோயிலுக்கு நேர்ந்துகொள். சாக்கோட்டைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் இந்த வைத்தியத்தில் பிழைத்தவர்கள் நிறையப் பேர், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் மேல் எனக்கு இன்றைக்கும் தீராத கோபம் உண்டு. அதற்குக் குறையாத கோபம் என் மேலும் உண்டு.

நான் பால்குடி மறக்கும் முன்னே அய்யா போய்விட்டார். வீட்டில் ஆத்தா, எனக்கு ஏழு வயது மூத்த அண்ணன், நான். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் வரகு. கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு வருஷத்தில் செட்டியார் வீட்டிலிருந்து ரங்கூனுக்குச் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. உலை வைக்கத் தெரியும், குழம்பு கூட்டத் தெரியும், படிப்புதான் ஏறவில்லை. கப்பல் ஏறிவிட்டான். அங்கே செட்டியார்கள் பலபேர் சேர்ந்து தங்கித் தொழில் நடத்தும் பெரிய கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பேர். அதன் அடுப்படியில் மூன்று வருஷம் வெந்தால்தான் ஊருக்கு வரலாம். முதலாளிக்கும் மூன்று வருஷம், சமையல்காரனுக்கும் மூன்று வருஷம். பெண்டாட்டியைக் கூட்டிப்போகும் வழக்கம் அப்போது கிடையாது. அத்தனை இளவட்டங்களும் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களே என்று பயமோ என்னமோ.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்பிள்ளைகள் அக்கரையில்தான் இருந்தார்கள். கடுதாசி வரும், வாசிக்க ஆள் வேண்டும். தெருவில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் பன்னிரண்டு வயதிலேயே எனக்குப் பெரிய மனுஷி மரியாதை. "ஏத்தா, இங்குட்டு வந்து இதைக் கொஞ்சம் வாசிச்சுட்டுப் போ" என்று வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். கடுதாசி பெண்டாட்டிக்கு வந்திருந்தாலும் கேட்பதற்கு மாமியார், கொழுந்தன்மார், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் வளைத்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பெண்டாட்டி மட்டும் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

ஆரம்பத்தில் ஒரு வீட்டில், புருஷன் பெண்டாட்டிக்கென்று எழுதியிருந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்துவிட்டேன். அவள் முகம் தன் கண்ணுக்குள்ளேயே நிற்பதாக எழுதியிருந்தான், அவ்வளவுதான். மாமியார் என் காதைப் பிடித்துத் திருகினாள். கதவுக்குப் பின்னால் நின்றவள் அன்றைக்கு முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆத்தா சொன்னாள்: "சபையில வாசிக்கக் கூடாதது வந்தா, 'மத்தபடி எல்லாரும் சேமம்'னு சொல்லித் தாண்டிப் போயிரணும். அதுதான் பதவிசு." தாண்டக் கற்றுக்கொண்டேன். கண் வாய்க்கு முந்தி ஓடிப்போய், சபை எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பிரித்துவிடும், வாய் தடுமாறாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். "பதவிசான புள்ளை" என்று தெருவே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் திரும்பி வந்தான். எனக்குப் பதினைந்து வயது. பெரியவளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது சம்பந்தமாக என்னிடம் சொல்லப்பட்டது, மூன்று நாள் எதையும் தொடாதே, ஆண்பிள்ளைகள் முன்னால் சிரிக்காதே என்பதுதான். உடம்பைப் பற்றி அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் கறுத்து மெலிந்திருந்தான். ஆத்தாவுக்கு ஒரு பர்மாக் குடையும் எனக்குச் சீட்டித் துணியும் கொண்டுவந்திருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. கொல்லைப் பக்கம் போனால் திரும்ப நேரமாகும். வரும்போது முகம் சுண்டியிருக்கும். தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை துணி துவைப்பது மழை பெய்வதைவிட அதிசயம். ஆத்தா மெல்லக் கேட்டாள்.

"அடுப்படியில நின்ன சூடு ஆத்தா. நீர்க்கடுப்பு" என்றான்.

ஆத்தாவுக்கு நிம்மதி ஆகிவிட்டது. தெரிந்த நோய்தானே. அன்றைக்கே வெந்தயம் ஊறியது.

ஆத்தா வயலுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அண்ணன் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்தான். அதன் கழுத்தில் மடித்த தாள் ஒன்று நூலால் கட்டியிருந்தது. ரங்கூனில் தமிழ் ஆள் வைத்திருந்த மருந்துக்கடையில் வாங்கினானாம். கப்பல் புறப்படும் அவசரத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளவில்லை. "தாள்ல எல்லாம் போட்டிருக்காம். வாசிச்சுச் சொல்லுத்தா" என்று என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கப்பலேறிப் போய் வந்த அண்ணன், எழுத்துக்கு என்னிடம் வந்து உட்கார்ந்ததில் எனக்கு ஒரே பெருமை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

காலையும் மாலையும் இத்தனை சொட்டு, பாலில் கலந்து. புளி, மிளகாய், கருவாடு தள்ளவேண்டும். வெயிலில் அலையக்கூடாது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அதற்குப் பிறகு நாலு வரி. வழக்கம்போல் என் கண் வாய்க்கு முந்தி ஓடியது. இந்த நோய் பெண்சேர்க்கையால் வருவது, அதனாலேயே பரவுவது என்று இருந்தது. முழுக்கத் தீர்ந்துவிட்டதென்று வைத்தியர் சொல்லும்வரை மனைவியோடு சேரக்கூடாது, கல்யாணம் ஆகாதவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது. மீறினால் அவளுடைய கர்ப்பப்பை கெட்டுப்போகும், பிறக்கிற பிள்ளைக்குக் கண் போனாலும் போகும்.

முகமெல்லாம் எரிந்தது. பெண்சேர்க்கை என்ற அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தம் எனக்குத் தெரியாது, ஆனால் கூடப்பிறந்தவன் முன்னால் வாயைத் திறந்து சொல்லக்கூடாத சொல் என்பது நன்றாகத் தெரியும். என் வாய் எங்கேயும் தடுமாறவில்லை. "நாப்பத்தெட்டு நாள் விடாம சாப்பிடணுமாம். அம்புட்டுத்தேன்" என்றேன். நாற்பத்தெட்டு நாள் என்பது அந்தத் தாளில் இல்லவே இல்லை. ஒரு மண்டலம் என்று நானே போட்டுக்கொண்டது. அண்ணன் என் தலையில் செல்லமாக ஒரு குட்டுக் குட்டி, "புட்டியை ஆத்தா கண்ணுல காட்டாத" என்று சொல்லி எழுந்துபோனான்.

என் அண்ணன் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. அந்த நோயை எங்கே போய் வாங்கிவந்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அது இன்னொருத்திக்கும் பற்றும், வயிற்றில் இருக்கும் பிள்ளை வரைக்கும் போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இருந்தது நான்தான்.

பத்தியம் இருந்தான். எரிச்சல் குறைந்தது. ஆனாலும் பழைய களை முகத்தில் வரவில்லை. ஆத்தா அக்கம்பக்கத்துப் பெண்டுகளோடு கலந்து பேசினாள். எல்லாரும் ஒரே குரலில் சொன்ன மருந்து கல்யாணம். இளவட்டத்துக்கு உடம்பில் ஏறிய சூடு, பெண்டாட்டி வந்தால் தணியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வைத்தியம். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆத்தா மகன் மேல் உள்ள பாசத்தில்தான் சிங்கம்புணரிப் பக்கம் பார்த்து வைத்திருந்த பெண்ணின் கல்யாணத்தை, அடுத்த வருஷம் என்றிருந்ததை மாற்றி, வருகிற தையிலேயே முடித்துவிடலாம் என்று ஆள் அனுப்பினாள்.

கல்யாணம் செய்யக்கூடாது என்ற வரி கண்ணிலேயே நின்றது. ஒருநாள் ஆத்தா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் நாலு கொட்டையை எடுத்துப்போட்டுவிட்டு, "ஆத்தா, அண்ணனுக்கு முழுசாக் குணமாகட்டும், அப்பறமாக் கல்யாணம் வச்சா என்ன?" என்றேன்.

"சூட்டுக்கு அதுதாண்டி மருந்து."

"இல்ல ஆத்தா, வர்ற மதினிக்கும் அது பத்திக்கிருமாம்."

ஆத்தாவின் கை நின்றது. "என்னது பத்திக்கிரும்? யாரு சொன்னா?"

தாள் சொன்னது என்றால் புட்டியைக் காட்டவேண்டும். அண்ணன் காட்டாதே என்றிருந்தான். புளிக்கையோடு கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "கல்யாணம் ஆகாத புள்ளை பேசுற பேச்சா இது? எங்குட்டுப் போய்க் கத்துக்கிட்டு வந்த?" என்று கேட்டவள், நான் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள். எனக்கு ஏதோ கெட்ட சகவாசம் ஆகிவிட்டது என்று பயந்துபோய், மறுநாளிலிருந்து கடுதாசி வாசிக்க வெளியே அனுப்பவில்லை. நான் அந்த மருந்துத் தாளை அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டேன். தாள் இல்லாவிட்டால் என் பயமும் போய்விடும் என்று நினைத்த புத்தி எனக்கு.

பரிசம் போடப் போனபோது பெண்ணைப் பார்த்தேன். என்னைவிட நாலு வயது மூத்தவள். பல் வரிசை கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும், அதை மறைக்கவே உதட்டை மூடிச் சிரிப்பாள். பெரியவர்கள் முன்கட்டில் தட்டு மாற்றிக்கொண்டிருக்க, என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பணியாரம் வைத்துக் கொடுத்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டாள்.

"கருவாட்டுக் குழம்பு. ஆனா இப்பப் பத்தியம்" என்றேன்.

"என்ன பத்தியம்?"

அவள் கண்ணையே பார்த்தேன். அடுப்படியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எந்தச் சபையும் இல்லை, எந்த மாமியாரும் இல்லை. "சூட்டுக்கு" என்றேன். "ஓ, சூடா" என்று அவள் கவலை தீர்ந்து தலையாட்டினாள். "எங்க வீட்டுல செவ்விளநி நிறைய இருக்கு, குடுத்து விடச் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போடுவான். மற்ற இரண்டு முடிச்சும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும். எனக்கு அக்கா கிடையாது, அதனால் நான்தான். மதினி தலையைக் குனிந்திருந்தாள். பிடரியில் வியர்வையும் மஞ்சளும் கலந்து வழிந்தது. கெட்டிமேளம் காதைப் பிளந்தது. நான் அப்போது கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முடிச்சு நழுவக்கூடாதே என்ற கவனம்தான் இருந்தது. இரண்டையும் இறுக்கிப் போட்டேன்.

மாசி பிறந்தபோது மதினியும் கொல்லைப் பக்கம் போய்விட்டு முகம் சுண்டி வந்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆத்தா, "இவளுக்கும் சூட்டு உடம்பு. சோடிப் பொருத்தத்தைப் பாரேன்" என்று சிரித்தாள். மதினிக்கும் வெந்தயம் ஊறியது. அவள் பிறந்த வீட்டுச் செவ்விளநீரை அவளே வெட்டிக் குடித்தாள். எனக்கு அவள் பக்கத்தில் உட்காரவே பயமாக இருந்தது. ஆனால் அவளுக்கோ என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தலை வாரிவிடுவாள். கடுதாசிகளில் வந்த வேடிக்கைகளைச் சொல்லச் சொல்லி, உதட்டை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரிப்பாள். அவள் பிரியமாக இருக்க இருக்க எனக்கு எரிச்சல் வந்தது. ஒருநாள் காரணமில்லாமல் சீப்பைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, "சூடு ஏறிப்போச்சா ஒனக்கும்?" என்று கேலி செய்தாள்.

அந்த வருஷமே பிள்ளை உண்டாகி, ஐப்பசி மழையில் எங்கள் வீட்டிலேயே பிறந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டியவள்தான், வழியில் ஆறு ஓடியதால் வண்டி போக முடியவில்லை. பெண்பிள்ளை, நல்ல நிறம், தலை நிறைய முடி. நான் முதல் காரியமாகக் கண்ணைப் பார்த்தேன். நன்றாகத் திறந்திருந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! தாளில் போட்டதெல்லாம் பொய், மருந்து விற்கிறவன் பயமுறுத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தெருமுழுக்கக் கற்கண்டு கொடுக்க ஓடினேன்.

மூன்றாம் நாள் காலையில் இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. விலக்கினால் மஞ்சளாகச் சீழ் வழிந்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிறந்த பிள்ளைக்குப் பீளை கட்டுவது சகஜம், பிள்ளைக்குச் சூடு என்று சொல்லித் தாய்ப்பாலைப் பீய்ச்சிவிடச் சொன்னாள். மதினி வேளைக்கு வேளை அதைச் செய்தாள். "காரைக்குடிக்குக் கொண்டுபோவோம்" என்று நான் ஆத்தாவின் காலைப் பிடித்தேன். பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் மழையில் வண்டியேற்றுவதா என்று அவள் மறுத்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏன் போகவேண்டும் என்ற காரணத்தை நான் சொல்லவில்லையே! அப்போதும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மழை விட்டதும் அண்ணன் வண்டியைப் பூட்டினான். காரைக்குடியில் ஒரு டாக்டரம்மா இருந்தார், தலை நரைத்தவர், கறாரானவர். பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். கறுப்பு விழி இருக்கவேண்டிய இடம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "பிறந்த அன்னிக்கு ரெண்டு கண்ணுலயும் ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தா போதும். இல்லைன்னா வீங்கின அன்னிக்கே கொண்டுவந்திருக்கணும். இனிமே பார்வை வராதும்மா" என்றார்.

மதினி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாளே தவிர அழவில்லை. ஆத்தாதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "சூடுதான்னு சொன்னாகளே தாயி!"

"சூடும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். "இந்தப் பொண்ணோட புருஷன் எங்கே? கூப்பிடுங்க."

வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் உள்ளே வந்தான். அவர் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. கோபத்தில் மறந்துவிட்டாரோ, இல்லை எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ தெரியாது. நேராகக் கேட்டார், நேராகச் சொன்னார். எங்கேயோ வாங்கிவந்ததைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தாய், பிரசவத்தில் அவளிடமிருந்து அது பிள்ளையின் கண்ணுக்குப் போயிற்று, அவளுக்கும் உள்ளே ரணமாகியிருக்கிறது, இனி இன்னொரு பிள்ளை உண்டாவதே சந்தேகம் என்றார். அப்படிப்பட்ட பேச்சை நாங்கள் யாரும் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. "உடம்புல இதை வச்சுக்கிட்டு எப்படிப்பா கல்யாணம் பண்ணினே?"

அண்ணன் தலைநிமிரவில்லை. "ரங்கூன்ல வந்தது நெசந்தாம்மா. மருந்து சாப்பிட்டேன். தாள்ல போட்டபடி ஒரு மண்டலம் பத்தியம் இருந்தேன்."

"கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்குமே?"

"இல்லம்மா." இப்போது அவன் நிமிர்ந்தான். "என் தங்கச்சிதான் வாசிச்சுச்சு. நல்லாப் படிக்கும். அப்பிடி ஒண்ணும் அதுல போடல. போட்டிருந்தா இந்தப் புள்ளை கழுத்துல நான் ஏம்மா தாலி கட்டப் போறேன்?"

அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த நம்பிக்கையை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தாளை எரித்தாயிற்று. "ஆமா, போடல" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எனக்கு அந்த எண்ணம் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மதினி அப்போதுதான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள்.

"போட்டிருந்துச்சு" என்றேன். "கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. புள்ளைக்குக் கண்ணு போகும்னும் போட்டிருந்துச்சு. நாலு வரி. நான் வாசிக்கல."

"ஏன்?" என்று கேட்டது டாக்டரம்மா.

"வெக்கமா இருந்துச்சு."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆத்தா, "அது புள்ளை, அதுக்கென்ன தெரியும்" என்று எனக்காகப் பேசப் பார்த்தாள். புளி எடுத்த நாள் ஞாபகம் அவளுக்கும் வந்திருக்கவேண்டும், பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன் பிறகு அண்ணன் மாதக்கணக்கில் மதுரைக்குப் போய் வந்து கழுவல் மருந்தும் ஊசியுமாகக் கிடந்தான். மறுபடி ரங்கூன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என்னை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும், "நீ போனதுக்கு நானா பொறுப்பு" என்று கத்தியிருப்பேன். இரண்டு பேருக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். மதினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். தலை வாரிவிட மாட்டாள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு மத்தியானம் அவள் முறத்தில் ஆற்றுமணலைப் பரப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு எழுத்துச் சொல்லிக் குடு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"உன்னை நம்பி இனிமே நான் இருக்க முடியாது. அதுக்குத்தான்" என்றாள்.

இருபது வயதுக்காரி, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரே வருஷத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். 'இது என்ன' என்று கேட்பாளே தவிர வேறு பேச்சு இல்லை. நானும் ஒவ்வொரு எழுத்தையும் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை மலாயாவிலிருந்து வந்தவர் என்றார்கள். பெண்பார்க்க வந்த இடத்தில், டாக்டரிடம் காட்டி அந்த நோய் இல்லையென்று சீட்டு வாங்கிவந்தால் கழுத்தை நீட்டுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. வெட்கங்கெட்டவள் என்று பேர் வந்தது. மூன்றாவதாக வந்த மனுஷர் சிரித்துக்கொண்டே காரைக்குடிக்குப் போய்ச் சீட்டு வாங்கிவந்தார். என் மக்கள் நாலு பேருக்கும், அக்கம்பக்கத்தில் பெரியவளான பெண்களுக்கும், மீசை முளைத்த பையன்களுக்கும் கூட நான் இதையெல்லாம் பச்சையாகச் சொல்லியிருக்கிறேன். சில வீடுகளில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியதும் உண்டு.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள், சுவரைத் தடவிக்கொண்டு வீடு முழுக்க ஓடுவாள். தபால்காரர் போட்டுவிட்டுப் போன கடுதாசியைத் தரையில் தடவி எடுத்துக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாள். "அயித்தை, இதுல என்ன போட்டிருக்கு? வாசிங்க" என்றாள். நான் வாங்கிப் பிரித்தேன். மதினியின் தம்பி எழுதியது.

அடுப்படியிலிருந்து மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"அவுககிட்டக் கேக்காதத்தா. இங்குட்டு வா, அம்மா வாசிக்கிறேன்."

பிள்ளை எழுந்து குரல் வந்த பக்கமாகப் போனாள். மதினி என் கையிலிருந்த கடுதாசியை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, மேலே போட்டிருந்த ஊர்ப்பேரிலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.